அவள் கைகளைத் தடுக்காதீர்கள்

வணக்கம் சகோதரி. காது கேளாத உங்கள் நான்கு வயது மகள் சைகையில் பேசினால் வாய்ப்பேச்சு வராது என்று உறவினர்கள் சொல்வதாகவும், அவள் கைகளைப் பிடித்து நிறுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். சைகைமொழி தனக்கென இலக்கணம் உள்ள முழுமையான மொழி. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த காதுகேளாதோர் கல்வி மாநாடு வாய்ப்பேச்சே மேல் என்று சொல்லிப் பள்ளிகளிலிருந்து சைகைமொழியை விலக்கத் தீர்மானித்தது. பல நாடுகளில் சைகை செய்த பிள்ளைகள் அடி வாங்கினார்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த காதுகேளாதோர் கல்வி மாநாட்டில்தான் அந்தத் தீர்மானங்கள் நிராகரிக்கப்பட்டன. எவ்வளவு தாமதம்!

பேச்சுப் பயிற்சி தொடரட்டும். சைகைமொழி அதற்குப் பகையல்ல. டெல்லியிலுள்ள இந்திய சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் 10,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அகராதியைப் பார்த்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தில் காதுகேளாதோர் சங்கம் இருந்தால் அவளை அழைத்துச் செல்லுங்கள். கைகளால் கதை சொல்லிச் சிரிக்கும் பெரியவர்களை அவள் பார்க்க வேண்டும்.