ஷகாலின் பள்ளி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2018-இல் பாரிஸின் போம்பிதூ மையத்தில் ரஷ்ய ஓவியர்கள் ஷகால், லிஸிட்ஸ்கி, மலேவிச் ஆகியோரின் ஓவியங்களைக் கண்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சொந்த ஊரான விடெப்ஸ்கில் (இன்றைய பெலாரஸ்) தான் தொடங்கிய கலைப் பள்ளியை விட்டே ஷகால் வெளியேற நேர்ந்தது மனதை உறுத்துகிறது. அங்கே ஆசிரியராக வந்து சேர்ந்த மலேவிச் செய்தது துரோகம் இல்லையா? அந்தப் பள்ளியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

ஷகாலின் வருத்தம் நியாயமானது. 1920 ஜூனில் அவர் விடெப்ஸ்கை விட்டுக் கிளம்பியபோது அவருடைய மாணவர்களே மலேவிச் பக்கம் போய்விட்டிருந்தார்கள். ஆனாலும் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜார் ஆட்சியில் அனுமதிச் சீட்டு இல்லாத யூதர் பீட்டர்ஸ்பர்கில் தங்க முடியாது. ஓவியம் படிக்கப் போன ஷகால், யூதரான அவர், அதற்காகச் சிறைக்கும் போயிருக்கிறார். 1917 புரட்சியில் அந்தத் தடைகள் விலகின. மறு ஆண்டு வட்டாரக் கலை ஆணையரானதும், தான் பட்ட பாடு ஊர்ப் பிள்ளைகள் படக்கூடாது என்று 1919 ஜனவரியில் ஒரு வங்கியாளரின் மாளிகையில் மக்கள் கலைப் பள்ளியைத் திறந்தார். கட்டணம் கிடையாது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த, ரொட்டிக்கே திண்டாடிய நேரம் அது.

ஆசிரியர்கள் ஒரே பாணியினர் அல்ல. கண்ணால் கண்டதை அப்படியே தீட்டும் யூதேல் பென், ஷகாலின் முதல் குரு, அங்கே இருந்தார். அச்சும் கட்டடக்கலையும் கற்பித்த லிஸிட்ஸ்கிதான் மலேவிச்சை அழைத்து வந்தார். ஆளையும் மரத்தையும் விட்டுவிட்டுச் சதுரத்தையும் வட்டத்தையும் மட்டுமே தீட்டியவர் மலேவிச். சில மாதங்களிலேயே பிள்ளைகள் சட்டைக் கையில் கறுப்புச் சதுரம் தைத்துக்கொண்டு, சொந்தப் பெயரை விட்டுவிட்டு ‘உநோவிஸ்’ (‘புதுக் கலையை நிலைநாட்டுவோர்’ என்பதன் ரஷ்யச் சுருக்கம்) என்ற குழுப் பெயரில் கையெழுத்திட்டார்கள். அந்தப் பெயரை ஒட்டி மலேவிச் தன் மகளுக்கே ஊனா என்று பெயர் வைத்தார். சுவர்களிலும் டிராம்களிலும் வண்ணம் ஏறியது; ரேஷன் அட்டைக்கும் வடிவம் வரைந்தார்கள். இந்த வேகம் ஒரு பதினாறு வயதுப் பையனை இழுக்காமல் இருக்குமா? தன்னிலிருந்து முற்றிலும் மாறுபட்டவர்களுக்கும் ஷகால் இடம் கொடுத்தார். அதற்கான விலையையும் அவரே கொடுத்தார். என் மதிப்பில் அவர் உயர்ந்து நிற்பது அங்கேதான்.

கண்காட்சியில் நான் அதிக நேரம் நின்றது அவருடைய ‘மதுக் கிண்ணத்துடன் இரட்டை உருவப்படம்’ முன்னால். ஆளைவிட உயரமான படம். வெள்ளை உடையில் மனைவி பெல்லா. அவர் தோள்மேல் சிவப்புச் சட்டையில் ஷகால், கிண்ணத்தை உயர்த்தியபடி. கீழே சின்னதாக விடெப்ஸ்க், ஆறு, பாலம். அத்தனை பூரிப்பும் அந்த ஊரின்மேல் நின்றுதான்.

துரோகம் என்று நான் சொல்வது வேறொன்றை. ஷகாலுக்குப் பிறகு அந்தப் பள்ளியை நடத்தியவர் வேரா யெர்மொலாயெவா. சிறுவயதிலேயே கால்கள் செயலிழந்து, ஊன்றுகோலோடு நடந்தவர். 1934-இல், ஸ்டாலின் ஆட்சியில், அவரைக் கைது செய்தார்கள். 1937-இல் கஜகஸ்தானின் கரகண்டாவுக்கு அருகே ஒரு முகாமில் சுட்டுக் கொன்றார்கள்.

அன்புடன்