42 வயதில் மாரத்தான் பயிற்சி தொடங்கலாமா? பாதியில் விடாமல் கடைசி வரை தொடர என்ன வழி?

தாராளமாகத் தொடங்கலாம். உட்கார்ந்தே பார்க்கும் வேலை, இரண்டு முறை ஓட ஆரம்பித்து இரண்டு முறையும் ஒரே மாதத்தில் முழங்கால் வலியோடு நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் அரை மணி நேரம் முடிந்தவரை வேகமாக ஓடியதாகவும் சொல்கிறீர்கள். வலிக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எனக்கு இப்போது 56. காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது பழனி பாதயாத்திரை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். நகரத்தார் காவடியோடு செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பெருங்கூட்டம் நடக்கும். 39 வயதில் முதல்முறை போனேன். முதல் நாள் விடியற்காலைப் பனியில், கால் நன்றாக இருக்கிறதே என்று எல்லாரையும் முந்திக்கொண்டு போனேன். எழுபது வயது இருக்கும் ஒரு ஐயா, வெறுங்கால், தலையில் துண்டு. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அரோகரா சொல்லிக்கிட்டே நடங்க. சொல்ல மூச்சு வரலைன்னா வேகத்தைக் குறைச்சுக்கங்க" என்றார். சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு என் வேகத்திலேயே போனேன். மூன்றாம் நாள் நத்தம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம், கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. அந்த ஐயா முதல் நாள் நடந்த அதே நடையில் என்னைக் கடந்து போனார், வாயில் அரோகராவோடு.

பேச முடிகிற வேகம் என்று விளையாட்டு விஞ்ஞானம் இன்று சொல்வது இதைத்தான். நார்வேயில் பணிபுரியும் ஆய்வாளர் ஸ்டீபன் சீலர், உலகத்தரத் தொலைதூர வீரர்களின் பயிற்சியைக் கணக்கெடுத்துப் பார்த்தார். பத்தில் எட்டுப் பங்கு பயிற்சி மெதுவானது, மீதிதான் கடுமையானது. மெதுவாக நீண்ட நேரம் ஓடும்போது இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரிக்கும் திறன் வளர்கிறது. இதற்கெல்லாம் மூச்சு வாங்க ஓட வேண்டியதில்லை. நம்மைப் போன்றவர்கள் தினமும் நடுத்தர வேகத்தில் ஓடி, களைப்பை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு தப்பு செய்தேன். 44 வயதில் 21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, நாலே வாரத்தில் ஓடும் தூரத்தை இரண்டு மடங்காக்கினேன். மூச்சு நன்றாகப் பழகிவிட்டதால் கூடுதல் தூரம் கஷ்டமாகவே தெரியவில்லை. ஆபத்து அதுதான். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் வேண்டும். இடது காலில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே ஒரு இடத்தில், விரல் நுனியால் அழுத்தினால் உயிர் போகும். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்ஆர்ஐயில்தான் மயிரிழை விரிசல் தெரிந்தது. எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. பரவலாக வலித்து, உடம்பு சூடானதும் குறைகிற வலி வேறு. ஒரே புள்ளியில், ஓட ஓடக் கூடுகிற வலி என்றால் அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு, நடந்தாலே நெஞ்சு அடைப்பது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்த்து ஈசிஜி எடுத்துவிடுங்கள். முழங்காலையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம் முதல் மாதம் வாரம் நாலு நாள், அரை மணி நேரம். நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம், மறுபடி நடை. வலி இல்லாமல் போனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நிமிடத்தை ஒன்று கூட்டுங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் தூரத்தைக் குறைத்துவிடுங்கள், உடம்பு தேறுவது அந்த வாரத்தில்தான். வேகப் பயிற்சியை ஆறு மாதம் நினைக்கவே வேண்டாம். முழு மாரத்தானுக்கு ஒன்றரை வருடமாவது கொடுங்கள்.

வெயில் தனிக் கணக்கு. சித்திரை, வைகாசியில் எங்கள் ஊரில் ஆறரை மணிக்கே செம்மண் அனல் வீசும். அதே வேகத்துக்கு இதயம் அதிகமாகத் துடிக்கும், ஏனென்றால் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை மறந்துவிட்டு மூச்சைப் பாருங்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்த்து ஓடுகிற நாளில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் உயிருக்கே ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பாதயாத்திரைப் பந்தலில் கொடுக்கும் பானகமும் உப்புப் போட்ட நீர்மோரும் எனக்கு எந்தப் பாட்டில் பானத்தையும்விட நன்றாக ஒத்துவருகின்றன. நீண்ட ஓட்டத்துக்கு நான் எடுத்துப்போவது பானகம்தான், வெல்லம் தூக்கலாக, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து. சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்காலைக் காப்பாற்றுவது தொடையும் இடுப்பும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. நாங்கள் வீட்டுத் திண்ணைப் படியிலேயே செய்கிறோம். ஒரு காலைப் படியில் வைத்து ஏறி, மூன்று எண்ணிக்கையில் மெதுவாக இறங்க வேண்டும். காலுக்குப் பத்து, மூன்று சுற்று. அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு, குதிகால் படிக்கு வெளியே தொங்க, விரல் நுனியில் எழும்பி இறங்குவது. என் மனைவிக்கு ஓட்டத்தில் ஆசை இல்லை, ஆனால் படிப் பயிற்சியை ஒரு செவ்வாய், வெள்ளி தவறவிட்டதில்லை. தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கிறாள். எனக்கு அது மாரத்தான் பதக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பாதியில் விட்டுவிடுகிறேன் என்கிறீர்களே, எனக்கு உதவியது இரண்டு விஷயம். ஊருணிக் கரையில் ஐந்தே காலுக்கு எனக்காக ஒருவர் நிற்பார். அவரைக் காக்க வைக்க மனசு வராது. இன்னொன்று, முடியாத நாளில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்துவிடுவேன், அதையும் நோட்டில் எழுதிவைப்பேன். காய்ச்சல் என்றால் அதுவும் வேண்டாம். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் நடை மட்டும்.

முதல் மாதம் முடிந்ததும் முழங்கால் எப்படி இருக்கிறது, எந்த இடத்தில் வலிக்கிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது மாதத்துக்கு எவ்வளவு கூட்டலாம் என்று சொல்கிறேன்.