ஆகஸ்ட் போட்டியும் மார்ச் தேர்வும்: ஒரு நீச்சல் வீராங்கனையின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் மகளை உலக ஜூனியர் நீச்சல் போட்டிக்குத் தயார் செய்யலாம் என்று கோச் சொன்ன நாளிலிருந்து வீடு இரண்டு கட்சியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிட்டார். நீங்கள் காமர்ஸ் குரூப்புக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். பாட்டிக்கோ பேத்தி வெயிலில் கறுத்துப்போகிறாளே என்று கவலை. பாட்டிக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மற்ற இரண்டையும் பார்ப்போம்.

கோச் சொல்வது எந்தப் போட்டி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 'இன்டர்நேஷனல்' என்று பெயர் வைத்து, கட்டணம் கட்டிய எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் நீச்சல் போட்டிகள் நிறைய வந்துவிட்டன. அனுபவத்துக்குப் போய்வரலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை விளையாட்டு ஒதுக்கீட்டு கவுன்சலிங்கில் நீட்டினால் எடுபடாது. உலக நீர் விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் ஜூனியர் சாம்பியன்ஷிப் வேறு. 2006-ல் ரியோ டி ஜெனிரோவில் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது வழக்கம். கொரோனாக் காலத்தில் அந்தக் கணக்கு பிசகியது. கடைசியாக 2025 ஆகஸ்டில் ருமேனியாவின் ஒட்டோபேனியில் நடந்தது. தனியாக விண்ணப்பித்து இதற்குப் போக முடியாது. இந்திய நீச்சல் கூட்டமைப்புதான் அணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும்.

அந்தத் தேர்வில் மாவட்ட மெடல், மாநில மெடல் என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். நேரம்தான் பேசும். அதுவும் 50 மீட்டர் குளத்தில், எலெக்ட்ரானிக் டைமிங்கில் பதிவான நேரம். உங்கள் மகள் பழகுவது 25 மீட்டர் பள்ளிக் குளம் என்றால் இங்கேதான் கவனம் வேண்டும். 200 மீட்டர் நீந்த அந்தக் குளத்தில் ஏழு முறை திரும்ப வேண்டும். 50 மீட்டர் குளத்தில் மூன்றே முறை. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துப் பாயும்போது நேரம் மிச்சமாகும். அதனால் சின்னக் குளத்து நேரம் எப்போதும் கொஞ்சம் அழகாகவே தெரியும். கோச்சிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: 50 மீட்டர் குளத்தில் அவளுடைய சிறந்த நேரம் என்ன, தகுதி நேரத்துக்கு இன்னும் எத்தனை விநாடி குறைய வேண்டும்? 200 மீட்டரில் இரண்டு, மூன்று விநாடி என்றால் உட்கார்ந்து திட்டம் போடலாம். பத்து விநாடி என்றால் இப்போதைக்கு தேசிய ஜூனியர் போட்டிதான் இலக்கு. அதுவும் சின்ன விஷயமில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போட்டி பொதுத்தேர்வோடு மோதுமே என்று பயப்படுகிறீர்கள். 2019-ல் புடாபெஸ்ட், 2022-ல் லீமா, 2023-ல் நெதன்யா, பிறகு ஒட்டோபேனி என்று நான்குமே ஆகஸ்ட் பிற்பாதிக்கும் செப்டம்பர் முதல் பத்து நாளுக்கும் இடையில் நடந்தவை. சிபிஎஸ்இ பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச்சைத் தாண்டிப் போகும். தேதிகள் மோதாது. மோதுவது அதற்கு முந்தைய மாதங்கள்: காலை ஐந்து மணிக்குக் குளம், பிறகு பள்ளி, மாலை மறுபடி குளம், இரவு எட்டு மணிக்கு நீட் வகுப்பு. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதில் தூக்கம்தான் முதலில் குறையும். தூக்கம் குறைந்தால் நேரமும் வராது, மார்க்கும் வராது. நீட் வகுப்பை வார இறுதிக்கு மாற்ற முடியுமா என்று அப்பாவை விசாரிக்கச் சொல்லுங்கள். கட்டிய பணம் வீணாகுமே என்பதற்காக மட்டும் இரவு வகுப்பைத் தொடர வேண்டாம். சிபிஎஸ்இ மாணவி என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட தேசிய, சர்வதேசப் போட்டி தேர்வு நாளில் வந்தால் பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பித்துத் தனித்தேர்வு கேட்கலாம்.

காமர்ஸுக்கு மாற்றுவது பற்றி: அவளுக்கே அதில் விருப்பம் இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். பாரம் குறையட்டும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். சென்னை ஐஐடி 2024 முதல் விளையாட்டில் சிறந்தவர்களுக்கு இளநிலைப் படிப்பு ஒவ்வொன்றிலும் கூடுதலாக இரண்டு இடம் வைத்திருக்கிறது; அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும். கடைசி நான்கு ஆண்டில் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் ஒரு மெடலாவது வேண்டும். ஐஐடி நுழைவுத்தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டிலும் தேற வேண்டும்; காமர்ஸ் எடுத்தால் இந்த வழி அடைபடும். தேசிய ஜூனியர் மெடலை நான் சின்ன விஷயமில்லை என்றது இதனால்தான். தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் உண்டு. எம்பிபிஎஸ்ஸில் ஏழே ஏழு. அந்த ஏழை நம்பி நீட் படிப்பைத் தளர்த்தக் கூடாது என்பதை அப்பா சொன்னால் நானும் ஆமோதிப்பேன்.

அமெரிக்கக் கல்லூரி நீச்சல் உதவித்தொகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அங்கே கல்லூரி விளையாட்டில் 'டிவிஷன் ஒன்' எனப்படும் முதல் நிலைக் கல்லூரிகளில் நீந்த 9-ம் வகுப்பிலிருந்தே பாடக் கணக்கு பார்க்கிறார்கள்; மொத்தம் பதினாறு பாடம் (ஒரு பாடத்தை ஓராண்டு படித்தால் ஒன்று), அதில் மூன்று ஆண்டு கணிதம். பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டுவிட்டால் இங்கே இடிக்கும். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் நடுவிலிருந்தே கல்லூரி கோச்கள் மாணவர்களோடு நேரடியாகப் பேசலாம் என்பதால், உலக ஜூனியர் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிற நேரத்தையும் நீந்தும் வீடியோவையும் வைத்து இப்போதே எழுதலாம். முழு உதவித்தொகை எல்லோருக்கும் கிடைக்காது. பெரும்பாலும் செலவில் ஒரு பங்குதான் கொடுப்பார்கள்.

பதினேழு வயதுக்குள் சாதிக்காவிட்டால் அவ்வளவுதானா என்று கேட்டது அவளே என்று எழுதியிருந்தீர்கள். 2025 சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்பில் சீனாவின் யூ ஸிடி பன்னிரண்டு வயதில் ரிலேவில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்தபின் இந்தப் பயம் நிறையப் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. அவளிடம் சஜன் பிரகாஷைப் பற்றிச் சொல்லுங்கள். நெய்வேலியில் வளர்ந்தவர். ஒலிம்பிக்குக்கு நேரடி இடம் தரும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர். 2021-ல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 1:56.38 எடுத்தபோது அவருக்கு வயது 27. இன்று அவருக்கு வேலை கேரளக் காவல்துறையில். (நெய்வேலிப் பிள்ளையை நாம் விட்டுவிட்டோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.) இன்னொன்றும் சொல்லுங்கள். 2022 லீமா போட்டியில் மும்பையின் அபேக்‌ஷா ஃபெர்னாண்டஸ் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதிச் சுற்றுக்குள் நுழைந்ததே இந்தியப் பெண்கள் நீச்சலில் பெரிய செய்தியானது. மெடல் இல்லாமல் திரும்பினால் தோல்வி என்று வீட்டில் யாரும் பேசிவிடக் கூடாது.

பணத்துக்கு, மத்திய அரசின் கேலோ இந்தியா திட்ட வீரர் பட்டியலில் இடம் கிடைத்தால் கைச்செலவுக்கு மட்டும் மாதம் ₹10,000 வரும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித் திட்டங்களுக்கும் விண்ணப்பியுங்கள். இதற்கெல்லாம் இன்றே ஒரு ஃபைல் போடுங்கள். ஒவ்வொரு போட்டியின் சான்றிதழ், முடிவுப் பட்டியல், கூட்டமைப்பு கையெழுத்திட்ட ஃபார்ம். சர்வதேசப் போட்டிக்கு ஃபார்ம்-1, தேசியப் போட்டிக்கு ஃபார்ம்-2. போட்டி முடிந்த கையோடு வாங்கினால் சுலபம். கவுன்சலிங் நேரத்தில் கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு.

கடைசியாக, இருமலுக்குக் கொடுக்கும் மருந்து பற்றி. நம் ஊர் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கும் பல இருமல் சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ள மருந்து. போட்டி இல்லாத நாளிலும் தடைதான். அடுத்த முறை சிரப் வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கம் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரிடமும் "இவள் போட்டிகளில் நீந்துகிறாள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டி கொடுக்கும் லேகியம் வீட்டில் கிளறியது என்றால் கொடுக்கலாம். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று லேபிளில் இல்லாத கடை டப்பா வேண்டாம்.