கடையில் வேலை செய்த றாம் வீட்டில் ஏன் வேலை செய்யவில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கொம்யூனிகேஷன் கடையில் ஒரு பழைய கோர் 2 டுவோ கணினி இருக்கிறது. ஜி41 மதர்போர்ட், டிடிஆர்3 றாம் (கணினியின் தற்காலிக நினைவகம்) 2 ஜிபி. டைப்பிங்கையும் பாஸ்போர்ட் படத்தையும் ஒன்றாகத் திறந்தால் இறுகி நின்றுவிடும். வவுனியாவில் 4 ஜிபி, 1600 றாம் ஒன்று வாங்கிப் போட்டேன். திரை வரவில்லை, பீப் சத்தம் மட்டும் நீளமாக வருகிறது. திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் தன் கணினியில் போட்டுக் காட்டி, நல்ல றாம்தான் என்கிறார். என்ன செய்யலாம் ஐயா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: கடைக்காரர் சொன்னது உண்மை. றாமில் பழுதில்லை, உங்கள் மதர்போர்ட்டால் அதை வாசிக்க முடியவில்லை.

றாமின் மேல் கறுப்பாக வரிசையாக இருப்பவைதான் சிப்கள். ஜி41 ஒரு சிப்பில் 2 ஜிகாபிட், அதாவது கால் ஜிபி வரைதான் கையாளும். அப்படிப்பட்ட சிப்களில் 4 ஜிபி செய்ய 16 சிப் வேண்டும்; பக்கத்துக்கு எட்டு. பின்னால் வந்த 4 ஜிபி றாம்களில் ஒரு சிப்பே அரை ஜிபி என்பதால் ஒரு பக்கத்து எட்டு சிப்போடு வேலை முடிந்துவிடும். நீங்கள் வாங்கியது பெரும்பாலும் அதுதான். எச்61 போன்ற அடுத்த தலைமுறை போர்ட்டுகள் அதைத் தயங்காமல் எடுக்கும். கடையில் ஓடியதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். ஜி41இல் ஒன்றில் திரை வராது, இல்லாவிட்டால் பாதியை மட்டும், 2 ஜிபி என்று காட்டும்.

ஆகவே கடையில் ‘4 ஜிபி டிடிஆர்3’ என்று மட்டும் கேட்காதீர்கள். றாமில் ஒட்டியிருக்கும் லேபிளை வாசியுங்கள். உங்களுக்கு வேண்டியது ‘2ஆர்×8 பிசி3-10600யூ’ (2Rx8 PC3-10600U). ‘2ஆர்’ என்றால் சிப்கள் இரண்டு தொகுதி, ‘×8’ என்றால் ஒரு சிப் ஒரே நேரத்தில் 8 பிட் கொடுக்கும், ‘10600’ என்பது 1333 வேகம். ‘1ஆர்×8’ என்றிருந்தால் அந்த 4 ஜிபி உங்களுக்கு உதவாது. கடைசி எழுத்தையும் பாருங்கள்: ‘யூ’ டெஸ்க்டொப்புக்கு, ‘எஸ்’ லப்டொப்புக்கு, ‘ஆர்’ சேர்வருக்கு. சேர்வர் றாம் மலிவாகக் கிடைக்கும், ஸ்லொட்டிலும் உட்காரும், ஆனால் கணினி எழும்பாது.

சிப்பை எண்ணிப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று இணையத்தில் மலிவாக விற்கும் றாம்களிலும் 16 சிப் இருக்கும். ஆனால் அவை ×4 வகை. இன்டெல் டெஸ்க்டொப் போர்ட் அவற்றை ஏற்காது. லேபிளே இல்லாத றாமையும், தகட்டு உறை மூடி சிப் தெரியாத றாமையும் வாங்காமல் விடுவதே நல்லது.

1600 என்ற வேகம் உங்கள் சிக்கலுக்குக் காரணமல்ல. வேகமான றாம் போர்ட்டின் வேகத்துக்கு இறங்கி ஓடும். ஜி41இல் பெரும்பாலும் 1066தான். அதனால் வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

2010ஐ ஒட்டி வந்த பழைய 4 ஜிபி றாம்கள் அநேகமாக 16 சிப் வகை. பாவித்த றாம் வாங்கத் தயங்காதீர்கள், மாற்றித் தருவதாகக் கடையில் உறுதி மட்டும் வாங்குங்கள். முடிந்தால் கேசிங்கையே பஸ்ஸில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். முடியாவிட்டால் பழைய றாமின் லேபிளைப் போனில் படம் எடுங்கள். சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் ‘மெயின்போர்ட்’, ‘எஸ்பிடி’ பக்கங்களையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இப்போதுள்ள 2 ஜிபியோடு ஒரு 4 ஜிபி சேர்த்தால் 6 ஜிபி. உங்கள் வேலைக்கு அது தாராளம். ஜி41இன் எல்லை 8 ஜிபி, 4 வீதம் இரண்டு. ஒரே அளவில் இரண்டு போட்டால் போர்ட்டிலேயே உள்ள கிராபிக்ஸ் கொஞ்சம் சுறுசுறுப்பாகும்.

மாட்டும்போது வயரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கேசிங்கின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு றாமை ஓரத்தில் பிடியுங்கள். கச்சான் காலத்துப் புழுதி ஸ்லொட்டுக்குள் படிந்திருக்கும். காய்ந்த மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். றாமின் பொன்னிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிடுங்கள். அரத்தாள் வேண்டவே வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். இரு பக்கக் கொளுக்கிகளும் ‘டிக்’ என்று தானாக மூடும்வரை சமமாக அழுத்துங்கள். ஒரு பக்கம் அரைகுறையாக நின்றாலும் அதே பீப்தான் வரும்.

கேள்வி: டிடிஆர்2 றாமிலும் டிடிஆர்3 றாமிலும் 240 பற்கள்தானே? மாற்றிப் போடலாமா?
– மாணவர், மல்லாவி

பதில்: கூடாது. நடுவில் உள்ள வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்2க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3க்கு 1.5. வெட்டு பொருந்தாவிட்டால் அமுக்கிப் பார்க்காதீர்கள், ஸ்லொட் உடைந்துவிடும். சில ஜி41 போர்ட்டுகளில் இரண்டு வகை ஸ்லொட்டும் இருக்கும்; அங்கும் ஏதாவது ஒரு வகையைத்தான் போடலாம்.

கேள்வி: 8 ஜிபி போட்டும் விண்டோஸ் 7 ஏறத்தாழ 3.2 ஜிபிதான் பாவிக்கலாம் என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: இல்லை. உங்களுடையது 32 பிட் விண்டோஸாக இருக்கும். அது 4 ஜிபிக்கு மேல் எடுக்காது. அதிலும் ஒரு பகுதி கிராபிக்ஸ் முதலிய உறுப்புகளுக்குப் போய்விடும். 64 பிட்டுக்குப் போக வேண்டும். இருப்பதன் மேலேயே மாற்ற முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். முதலில் கோப்புகளை வெளியே பிரதி எடுங்கள். தமிழ் டைப்பிங்குக்கான பாமினி எழுத்துரு 64 பிட்டிலும் அப்படியே வேலை செய்யும். பிரச்சினை வருவது பழைய பிரின்டரிலும் ஸ்கானரிலும்தான். அவற்றை இயக்கும் மென்பொருளான ட்ரைவர், 64 பிட்டுக்கு உரியது கையில் கிடைத்த பிறகே பழைய விண்டோஸை அழியுங்கள்.