முருங்கை மாதிரி ஒடிக்க முடியாத மரம்

லண்டனின் வடமேற்குப் பகுதியில் வசிக்கும் ஒரு வாசகி மே மாதத்தில் எழுதிய கடிதம் இது:

"எங்களுடையது வரிசை வீடு. பின்தோட்டம் ஐந்தரை மீட்டர் அகலம், 13 மீட்டர் நீளம். களிமண், மாரியில் தண்ணீர் நிற்கும். பக்கத்துத் தெருவில் ஏப்ரல் கடைசியில் ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்களைப் பார்த்து அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. அதே மரத்தை நாங்களும் வைக்கலாமா? வீட்டுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு பழைய செர்ரி நிற்கிறது. ஜனவரியில் என் கணவர் அதன் கொப்புகளை வெட்டினார். இப்போது தண்டில் பிசின் வடிகிறது. ஒரு கொப்பின் இலைகள் மட்டும் வெள்ளி பூசியது போல் தெரிகின்றன. இன்னொன்று, யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டுக்கு ஒரு கன்று அனுப்பலாமா என்று அம்மா கேட்கிறார்."

அன்புள்ள வாசகிக்கு, முதலில் முன்னால் நிற்கும் பழைய மரத்தைப் பார்ப்போம். அதற்கு என்ன ஆயிற்று என்று புரிந்தால், புதிய மரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் பாதி விளங்கிவிடும்.

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஒடிக்க ஒடிக்க அது துளிர்க்கும். செர்ரி விஷயத்தில் ஜப்பானியர்களின் பழமொழி இதற்கு நேர் எதிர்: செர்ரியை வெட்டுபவன் முட்டாள், உமே மரத்தை வெட்டாதவன் முட்டாள். உமே என்பது குளிர் விலகும் முன்பே பூக்கும் அவர்களுடைய பிளம் வகை. அதைக் கவாத்து செய்தால் நன்றாகப் பூக்கும். செர்ரியில் காயம் ஆறுவது மெதுவாகத்தான் நடக்கும், அதற்குள் அந்தக் காயம் வழியே நோய் உள்ளே போய்விடும். உங்கள் கணவர் தவறான எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ஆப்பிளையும் பேரியையும் இலையுதிர்ந்த குளிர்காலத்தில்தான் வெட்டுகிறோம், செர்ரியும் அப்படித்தான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் செர்ரிக்கு அந்தப் பருவம் மிக மோசமான பருவம்.

காரணம் ஒரு பூஞ்சை. அது உண்டாக்கும் நோயை வெள்ளி இலை நோய் என்று சொல்வார்கள். இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை, ஈரமான நாட்களில் இதன் வித்துகள் காற்றில் பரவி, புதிதாக வெட்டிய மரத்தின் மேல் விழுந்து உள்ளே இறங்குகின்றன. பூஞ்சை வளர்வது கட்டைக்குள்தான், இலைக்கு அது வருவதே இல்லை. ஆனால் அது உண்டாக்கும் நச்சு சாற்றோடு ஏறி இலையை அடைகிறது. அப்போது இலையின் மேல்தோல் உள்சதையிலிருந்து பிரிந்து, இடையில் காற்று புகுகிறது. நீங்கள் பார்த்த வெள்ளிப் பளபளப்பு அந்தக் காற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்.

ஆனாலும் இது அந்த நோய்தான் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். தண்ணீர்ப் பற்றாக்குறையாலும் ஊட்டக் குறைவாலும்கூட இலைகள் வெள்ளியாகும். அப்படியானால் பெரும்பாலும் மரம் முழுக்க ஒரே நேரத்தில் தெரியும். உங்கள் மரத்தில் ஒரே கொப்பில் மட்டும் தெரிவதால்தான் எனக்குச் சந்தேகம். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ, மழை இல்லாத ஒரு நாளில், அந்தக் கொப்பில் இரண்டு விரல் பருமனுள்ள இடமாகப் பார்த்து அறுங்கள். வெட்டுமுகத்தைத் தண்ணீரால் நனையுங்கள். நடுவில் பழுப்பாகக் கறை தெரிந்தால் நோய் உறுதி. அந்தக் கறை முடியும் இடத்தையும் தாண்டி ஒரு சாண் அளவு நல்ல கட்டை வரும்வரை வெட்டி, வெட்டியதைத் தோட்டத்தில் போட்டு வைக்காமல் அப்புறப்படுத்துங்கள். கறை அடிமரம் வரை போயிருந்தால், வருத்தமாகத்தான் இருக்கும், அந்த மரத்தை எடுத்துவிடுவதே நல்லது. கறையே இல்லையென்றால் தண்ணீர் விட்டு, மக்கு உரம் போட்டு, அதன் போக்கில் விடுங்கள். பெரும்பாலும் தேறிவிடும்.

பிசின் வடிவது தனியாக ஒரு நோய் அல்ல. செர்ரிக்கு எந்தத் துன்பம் வந்தாலும் அது பிசினாகத்தான் வெளிப்படும். பிசின் வரும் இடத்தில் பட்டை உள்வாங்கிக் குழிந்து, மேலே மொட்டுகள் விரியாமல் கருகி, இலைகளில் குண்டூசி குத்தியது போல் ஓட்டைகள் இருந்தால் மட்டும் பாக்டீரியாச் சொறி என்று கவனியுங்கள். அதற்கும் வைத்தியம் அதே கோடைகால வெட்டுதான். எதை வெட்டுவதாக இருந்தாலும் அதற்கு முன் உங்கள் நகரசபையிடம் கேட்டுவிடுங்கள். பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தை அனுமதியின்றித் தொட முடியாது. பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தால் ஆறு வாரம் முன்பே அறிவிக்க வேண்டும். முன்னால் நிற்கும் மரம் என்பதால் இது முக்கியம்.

சரி, இப்போது அம்மாவின் மரம்.

பக்கத்துத் தெருவில் அவர் பார்த்தது அநேகமாகக் கன்சான் என்ற செர்ரி வகை. ஏப்ரல் கடைசி, ரோஸ் நிறம், அடுக்கடுக்கான இதழ்கள், கூடவே செம்பு நிறத்தில் இளந்தளிர் என்றால் அதுவாகத்தான் இருக்கும். கடையில் நிற்கும்போது அது தலைகீழாகப் பிடித்த குடை மாதிரி ஒடுக்கமாக, சமர்த்தாக இருக்கும். 20 ஆண்டு கழித்து அதே குடை விரிந்து எட்டுப் பத்து மீட்டர் அகலமாகிவிடும். உங்கள் தோட்டமே ஐந்தரை மீட்டர்தான். பக்கத்து வீட்டு வேலிக்கு மேல் போனதும் அவர்கள் வெட்டச் சொல்வார்கள், நீங்கள் ரம்பத்தை எடுப்பீர்கள், முன்மரத்துக்கு நடந்ததே இதற்கும் நடக்கும். பெரிதானால் வெட்டிக்கொள்ளலாம் என்ற வழி செர்ரியில் கிடையாது. ஆகவே முழு வளர்ச்சியில் எந்த மரம் உங்கள் இடத்துக்குள் அடங்குமோ அதைத்தான் வாங்க வேண்டும். கன்சான் வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது அமனோகவா. ஜப்பானிய மொழியில் இதற்கு வானத்து ஆறு என்று பொருள், அதாவது பால்வீதி. நம் ஆகாய கங்கைதான். பெயருக்கு ஏற்றபடி ஒடுங்கி நேரே மேலே போகும் மரம். இளம் ரோஸ் நிறத்தில், லேசான வாசனையோடு, ஏப்ரல் கடைசியில் கொப்பெல்லாம் பூக்கும். உயரம் எட்டு மீட்டர் வரை போகலாம். வயதாக ஆக மேற்பகுதி கொஞ்சம் விரியும், ஆனாலும் உங்கள் அகலத்துக்குள் நிற்கும். வீட்டுச் சுவரை விட்டுத் தோட்டத்தின் கடைசியில் வையுங்கள். லண்டன் களிமண் வறண்ட கோடையில் சுருங்கும், மரம் தண்ணீரை உறிஞ்சினால் இன்னும் சுருங்கும், அத்திவாரத்துக்கு அது நல்லதல்ல. செர்ரியின் வேர் மேலோட்டமாகப் போவதால் கல் பாவிய நடைபாதைப் பக்கமும் வேண்டாம்.

மண்ணில் வைக்கவே தயக்கமாக இருந்தால் கோஜோ-நோ-மை என்ற குள்ள வகை இருக்கிறது. ஃபூஜி மலைச் செர்ரியின் வம்சம். கொப்புகள் கோணல் மாணலாக வளைந்து வளைந்து போகும், மார்ச்சில் இலை வருவதற்கு முன் சின்னச் சின்ன வெளிர் பூக்கள். இரண்டரை மீட்டருக்கு மேல் போகாது, பெரிய தொட்டியிலேயே வருடக்கணக்கில் இருக்கும். இடம் கூடுதலாக உள்ளவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஆட்டம்னாலிஸ். நவம்பரிலிருந்து மார்ச் வரை, குளிர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூக்கும். இருட்டான டிசம்பர் மத்தியானத்தில் வெறுங்கொப்பில் நாலு பூவைப் பார்ப்பது தனிச் சந்தோஷம்.

வாங்கும் நேரம் நவம்பர் முதல் மார்ச் வரை. அப்போது மண் இல்லாமல் வெறும் வேரோடு கன்றுகள் கிடைக்கும். தொட்டிக் கன்றைவிட விலை குறைவு, நன்றாகவும் பிடிக்கும். உங்களுக்குத் தண்ணீர் நிற்கும் மண் என்பதால் முதலில் ஒரு சோதனை. முழங்கால் ஆழம் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் நேரே தரையில் நட்ட செர்ரி வாழாது. செர்ரிக்குச் சுண்ணாம்பு மண் பிரச்சினை இல்லை, களிமண்ணைக்கூடத் தாங்கும், வேர் நீரில் ஊறுவதை மட்டும் தாங்காது. அப்படித் தண்ணீர் நிற்கும் இடமானால் சுற்றியுள்ள மண்ணையே கூட்டி ஒரு முழ உயரத்துக்கு அகலமான மேடு போட்டு, அதன் மேல் நடுங்கள். குழிக்குள் மூட்டை மூட்டையாகக் கடை உரமண் கொட்டாதீர்கள். களிமண்ணுக்கு நடுவே பொலபொலவென்ற மண் இருந்தால், சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அந்தக் குழியைத் தேடி வந்து கிணறு மாதிரி நிற்கும்.

ஆழமாக நடுவதும் ஆபத்து. நான் இழந்த முதல் செர்ரி அப்படித்தான் போயிற்று. மூன்று வருடம் நோஞ்சானாக நின்று பிறகு பட்டுவிட்டது. தோண்டிப் பார்த்தபோது வேர் தொடங்கும் இடம் ஒரு சாண் கீழே இருந்தது. தண்டு அகன்று வேராக மாறும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும், ஒட்டுக் கட்டிய முண்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து முளைத்து வருவது நீங்கள் வாங்கிய மரம் அல்ல, அடிக்கன்று, அதாவது ஒட்டுக் கட்டுவதற்கு வேராக வைத்த வேறு மரம். சின்னதாக இருக்கும்போதே கையால் பிடுங்கி எடுங்கள். ஊன்றுகோல் தாழ்வாகக் கட்டினால் போதும், இரண்டாம் வருடம் எடுத்துவிடலாம். முதல் இரண்டு கோடையும் வாரம் இரண்டு வாளி தண்ணீர். அடியில் புல் வளரவிடாமல் மூடாக்குப் போடுங்கள், ஆனால் தண்டில் படவேண்டாம். கொப்பு நுனி சுருண்டு உள்ளே கறுப்பு அசுவினி தெரிந்தால் தண்ணீரை வேகமாக அடியுங்கள். மீதியைப் பொறிவண்டுகள் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வசந்தத்தில் அம்மாவைக் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். வெவ்வேறு செர்ரிகளை ஒரே நாளில் பார்க்கலாம். அங்கேயோ வேறெங்கேயோ தை-ஹாக்கு என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டால் கொஞ்சம் நில்லுங்கள். செம்புத் தளிருக்கு நடுவே பெரிய ஒற்றை இதழ் வெள்ளைப் பூ. எனக்குச் செர்ரிகளிலேயே மிகப் பிடித்தது. பெயருக்குப் பெரிய வெள்ளை என்று பொருள். உங்கள் தோட்டத்துக்கு அது பெரிய மரம், ஆனால் அதன் கதையை அம்மா கேட்க வேண்டும்.

கென்ட்டில் காலிங்வுட் இங்கிராம் என்று ஒருவர் இருந்தார். செர்ரிப் பைத்தியத்தால் 'செர்ரி இங்கிராம்' என்றே பெயர் பெற்றவர். 1923இல் சசெக்ஸில் ஒரு தோட்டத்தில், சாகும் நிலையில் இருந்த ஒரு வெள்ளைச் செர்ரியைக் கண்டு, அதன் கொப்பை எடுத்து வந்து ஒட்டுக் கட்டினார். 1926இல் அவர் ஜப்பான் போனபோது ஃபுனாட்சு என்ற முதிய செர்ரி அறிஞர் ஒரு பழைய ஓவியச் சுருளை விரித்து, இந்தப் பெரிய வெள்ளைச் செர்ரி எங்கள் நாட்டில் அழிந்துவிட்டது என்று காட்டினார். இங்கிராமுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது தன் தோட்டத்தில் நிற்கிறது என்றார். பிறகு கொப்புகளை ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கினார். கப்பலில் போனவை வழியிலேயே செத்தன. கடைசியில் கொப்புகளின் வெட்டுமுனையை உருளைக்கிழங்கில் குத்தி, ஈரம் காயாமல் சைபீரிய ரயிலில் அனுப்பினார். 1932இல் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. இன்று உலகில் இருக்கும் தை-ஹாக்கு அத்தனையும் அந்த ஒரே சசெக்ஸ் மரத்தின் வழி வந்தவை. இங்கிலாந்தின் வடக்கே ஆனிக் தோட்டத்தில் 300க்கும் மேற்பட்டவை ஒரே இடத்தில் நிற்கின்றன.

பூ அதிகம் போனால் பத்து நாள் இருக்கும். ஒரு காற்று மழை வந்தால் அதுவும் இல்லை. அதனால் பூத்த அன்றே போய் உட்காருங்கள், வார இறுதி வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஜப்பானியர் உதிர்வதையும் பார்க்கப் போவார்கள். காற்றில் இதழ்கள் பறப்பதற்கு அவர்கள் மொழியில் பூப்புயல் என்று ஒரு சொல், குளத்தில் இதழ்கள் சேர்ந்து மிதப்பதற்குப் பூத்தெப்பம் என்று இன்னொன்று. கன்சான் பூவை உப்பில் ஊறவைத்து, வெந்நீரில் ஒன்றிரண்டு போட்டுக் கல்யாணத்தில் பருகக் கொடுப்பார்கள். கோப்பைக்குள் பூ மறுபடி விரியும்.

யாழ்ப்பாணத்துக்குக் கன்று அனுப்புவது பற்றி. இந்த மரங்கள் அடுத்த வருடத்துப் பூமொட்டைக் கோடையிலேயே உருவாக்கிவிட்டு உறங்கப் போகின்றன. வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அந்த உறக்கம் கலையும். ஊரில் அந்தக் குளிர் இல்லை. கன்று பிழைத்தாலும் இலை ஒழுங்காக வராது, பூவும் வராது. செடி நோய்க் கட்டுப்பாடுகளும் உண்டு, பெட்டியில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது. அம்மாவிடம் முள்முருக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வேலியில் இலையெல்லாம் கொட்டி, மாசியில் வெறுங்கொப்பில் சிவப்பாகப் பூத்து நின்றது அவருக்கு நினைவிருக்கும். மாமா வீட்டு வேலிக்கு அதில் ஒரு தடி வெட்டி ஊன்றச் சொல்லுங்கள். அது தாராளமாக வெட்டக்கூடிய மரம்.