எஞ்சினுக்குத் தண்ணி காட்டுவது

கேள்வி: அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் ரயில் கவிதை எங்களுக்குப் பாடம். 'ரயிலைக் குதிரையாக உருவகித்திருக்கிறார்' என்று குறிப்பெடுத்துக்கொண்டோம். ஆனால் தொடக்கத்தில் அது மைல்களை நக்கிக் குடிக்கிறது, பள்ளத்தாக்குகளை நக்குகிறது. குதிரை அப்படிச் செய்யுமா? அவருக்கு ரயில் பிடித்ததா, இல்லையா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: சரியான இடத்தில் நின்று கேட்டிருக்கிறீர்கள். குதிரை தண்ணீரை உறிஞ்சும். நக்கிக் குடிப்பது பூனையும் நாயும்தான். அதனால் முதல் வரியிலேயே குதிரையைக் கொண்டுவந்து கட்டிவிடாதீர்கள். கவிதை முழுக்கத் தேடினாலும் 'ரயில்' என்ற சொல் இல்லை, 'குதிரை' என்ற சொல்லும் இல்லை. முதலில் ஒரு நாக்கு. அப்புறம் மலைகளைச் சுற்றிப் போகும் பெரிய காலடி, சாலையோரக் குடிசைகளை இளக்காரமாக எட்டிப் பார்க்கும் கண், பாறையைச் செதுக்கி நுழையும் விலா. கனைப்பும் லாயமும் கடைசியில்தான். அவர் தலைப்பே வைக்கவில்லை. அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1891-இல் பதிப்பித்தவர்கள் 'ரயில் வண்டி' என்று தலைப்பிட்டு விடுகதையை உடைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

அந்தக் கனைப்பு 'பொவனெர்கேஸ்' போல இருக்கிறதாம். பைபிளில் மாற்கு 3:17-ஐப் பாருங்கள். யாக்கோபுக்கும் யோவானுக்கும் இயேசு வைத்த பெயர், 'இடிமுழக்க மக்கள்' என்று பொருள்.

பிடித்ததா என்கிறீர்கள். மாசசூசெட்ஸில் உள்ள ஆம்ஹெர்ஸ்ட் அவர் ஊர். 1853-இல் அங்கே ரயில் வர முன்னின்று பாடுபட்டவர் அவருடைய அப்பா. அந்த ஜூனில் பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் நியூ லண்டனிலிருந்து ஒரு கூட்டம் ரயிலேறி வந்தபோது வரவேற்பை நடத்தியவரும் அவரே. மகளோ ஒரு தோப்பில் தனியாக உட்கார்ந்து, ரயில் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, யாராவது கண்டு நலம் விசாரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வீடு திரும்பியதாக அண்ணனுக்கு எழுதினார். 'பார்க்கப் பிடிக்கும்' என்றுதான் கவிதை தொடங்குகிறது. ஏறிப் போகப் பிடிக்கும் என்று அவர் சொல்லவில்லை.

முழுக் கவிதையும் ஒரே வாக்கியம். நக்கி, நின்று, எட்டி வைத்து, பார்த்து, செதுக்கி, ஊர்ந்து, கனைத்து என்று தமிழில் அழகாகக் கோத்துவிடலாம். ஆனால் நம் வாக்கியத்தில் 'பிடிக்கும்' கடைசிக்குப் போய்விடும். மூன்று முறை மொழிபெயர்த்துப் பார்த்தேன், அந்த இடத்தில்தான் தோற்றேன். அவர் கடைசியில் வைத்திருப்பது லாய வாசலை. அதற்கு முன் இரண்டு சொற்கள்: அடக்கமானது, சர்வ வல்லமை உள்ளது.

என் அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தார், நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. டேங்கில் தண்ணீர் பிடிப்பதை 'எஞ்சினுக்குத் தண்ணி காட்டுறது' என்பார், மாட்டுக்குச் சொல்வதுபோலவே. ஓடி வந்த எஞ்சின் ஷெட்டில் நிற்கும். சக்கரம் அசையாது, அடியில் மட்டும் புஸ்ஸென்று ஆவி கசியும். தொட்டுப் பார்க்க ஓடுவேன். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "நிக்குதுன்னு கிட்ட போகாதடா" என்பார்.