8 அடி பிளைவுட் அறுக்க எவ்வளவு நீள ரெயில் வேண்டும்?

கேள்வி: மதுரையில் அலமாரி, கிச்சன் கேபினட் செய்து கொடுக்கிறேன். புதிதாக வாங்கிய டிராக் சாவுடன் (ரெயில் மேல் நேராக ஓடும் மின்ரம்பம்) 1400 மி.மீ. ரெயில் ஒன்று வந்தது. 8 அடி ஷீட்டை நீளவாக்கில் அறுக்க இன்னொரு 1400 வாங்கி இணைத்தால் போதுமா, 3000 மி.மீ. ஒற்றை ரெயிலே வாங்கிவிடலாமா? பட்டறை சிறியது. பாதி வேலை வாடிக்கையாளர் வீட்டு மாடியில்தான் நடக்கிறது.

பதில்: அலமாரி வேலை தொடர்ந்து வருகிறது என்றால் நீளமான ஒற்றை ரெயிலையே வாங்குங்கள். மாடி வேலையும் இருப்பதால் 2700 கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் 3000. கையில் இருக்கும் 1400-ஐ விற்றுவிட வேண்டாம், தினசரி வேலையில் பெரும்பகுதியை அதுதான் செய்யும்.

ரெயில் வாங்கும்போது பலரும் பலகையின் நீளத்தை மட்டும் கணக்கு போடுகிறார்கள். மெஷினின் அடித்தட்டே சுமார் 30 செ.மீ. நீளம். பிளேடு அதன் நடுவாக்கில் இருக்கிறது. 160 மி.மீ. பிளேடை 18 மி.மீ. பிளைவுட்டுக்காக 20 மி.மீ. இறக்கினால், பலகையின் மேல்மட்டத்தில் பிளேடு பிடிக்கும் இடம் மட்டும் 106 மி.மீ. பலகையைத் தொடாமல் பிளேடை இறக்க வேண்டுமானால், பிளேடின் நடுப்பகுதி பலகை ஓரத்துக்கு 6 செ.மீ. முன்னால் நிற்க வேண்டும். அதற்கும் பின்னால் அடித்தட்டின் பாதி இருக்கிறது, அது உட்காரவும் ரெயில் வேண்டும். பின்பக்கம் ரெயில் இல்லாமல் மெஷினை இறக்கினால் அது சாயும், பிளேடு பலகையில் மாட்டி உங்கள் பக்கமே எகிறும். அதனால் அறுக்கும் நீளத்தோடு குறைந்தது 20 செ.மீ., முடிந்தால் 25 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி தொடங்கும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், முடியும் பக்கம் 4, 5 செ.மீ. போதும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 4 அடி குறுக்கே அறுக்க 1220 மி.மீ. உங்கள் 1400-இல் 180 மிஞ்சும். தொடங்கும் பக்கம் 140 விட்டால் அடித்தட்டின் முக்கால்வாசி ரெயிலில் உட்காரும். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் நடக்கும். 8 அடி என்பது 2440. அதற்கு 2700 சரியாகப் போதும், 3000 தாராளம். இரண்டு 1400 சேர்த்தாலும் 2800 ஆகிவிடும், நீளத்தில் குறை இல்லை. இடைப்பட்ட அளவுகளில்தான் ஏமாறுவார்கள். 6 அடிக்கு 1900 போதும் என்று தோன்றும், 70 மி.மீ.தான் மிஞ்சும். 7 அடி ஃபிளஷ் டோருக்கு 2100 ரெயில் எட்டவே எட்டாது. 7 அடி என்பது 2134 மி.மீ.

கிச்சன் வேலை மட்டும் செய்பவராக இருந்தால் நீள ரெயிலே வேண்டாம் என்பேன். கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி பக்கப்பலகை எதுவும் 4 அடியைத் தாண்டுவது அபூர்வம். ஷீட்டை முதலில் குறுக்கே துண்டு போட்டு, பிறகு ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் அறுத்தால் 1400 ஒன்றே போதும். ஆனால் 7 அடி அலமாரிப் பக்கப்பலகை, முழு உயர ஷட்டர் (அலமாரிக் கதவு) இவற்றில் இந்த வழி செல்லாது.

இணைப்பதில் என்ன சிக்கல்? இரண்டு ரெயிலும் தனித்தனியே நேராக இருந்தாலும், சேரும் இடத்தில் மயிரிழை கோணினால் அடுத்த முனையில் அரை நூல் (சுமார் ஒன்றரை மி.மீ.) விலகிவிடும். இரண்டு ஷட்டரை அடுத்தடுத்து மாட்டும்போது அந்த அரை நூல் இடைவெளியாகக் கண்ணில் படும். பலர் முனையோடு முனை ஒட்டவைத்து முடுக்குகிறார்கள். அது தவறு. ரெயிலின் முனை துல்லியமாகச் சதுரமாக இருக்கும் என்று நம்ப முடியாது. 1 மி.மீ. சந்து விட்டு, நல்ல 4 அடி ரசமட்டத்தை இணைப்பின் இரு பக்கமும் படும்படி ரெயிலின் ஓரத்தோடு அணைத்து, இணைப்புக் கம்பியின் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒன்றையே இறுக்கினால் ரெயில் தூக்கிக்கொள்ளும். மாடியில், சமமில்லாத தரையில், ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது பொறுமையைச் சோதிக்கும்.

நேராக இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி உண்டு. ஷீட்டின் மேல் ரெயிலை வைத்து, பிளேடு ஓடும் பக்கம் ரெயிலில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையின் ஓரமாக மெல்லிய பென்சிலால் முழு நீளத்துக்கும் கோடு போடுங்கள். பிறகு ரெயிலைத் தலைமாற்றி, அதே ஓரம் கோட்டில் படும்படி மறுபக்கம் வையுங்கள். கோணல் இருந்தால் இரட்டிப்பாகத் தெரியும். புது ஒற்றை ரெயில் வந்த அன்றும் இதைச் செய்து பாருங்கள், வண்டியில் வரும்போது வளைந்திருந்தால் உடனே திருப்பி அனுப்பலாம்.

மாடிக்கு எப்படி ஏற்றுவது என்று தயங்க வேண்டாம். 8 அடி பிளைவுட் ஏறி வந்த படிக்கட்டில் 9 அடிக்குச் சற்றே குறைவான 2700 ரெயிலும் ஏறும். 3000 கிட்டத்தட்ட 10 அடி, படி திரும்பும் இடம் குறுகலாக இருந்தால் சுவரில் இடிபடும். பாதி வேலை மாடியில் என்பதால், உங்களுக்கு 2700 கிடைத்தால் நான் அதையே சொல்வேன். பட்டறையில் சுவரில் தொங்கவிடுங்கள், சாய்த்து வைக்காதீர்கள்.

வாங்கும் முன் உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். மகிட்டா, ஃபெஸ்டூல் மெஷின்கள் ஒன்றின் ரெயிலில் மற்றொன்று ஓடும். போஷ் எஃப்எஸ்என் ரெயிலும் மாஃபெல் ரெயிலும் ஒரு ஜோடி. டிவால்ட் தனி வகை. புது ரெயிலில் முதல் ஓட்டத்தில் ரப்பர் பட்டை உங்கள் பிளேடுக்கு ஏற்ப அறுபடும். அதற்கு முன் அடித்தட்டின் ஆட்டத்தை அட்ஜஸ்டரால் எடுத்துவிடுங்கள். பட்டை அறுபட்ட பின் அந்த ரெயிலில் வேறு மெஷினை ஓட்டக் கூடாது. பிளேடு அரை மி.மீ. உள்ளே வந்தாலும் பட்டை மீண்டும் அறுபடும், அதன்பின் உங்கள் மெஷினில் பட்டைக்கும் பிளேடுக்கும் இடையே சந்து விழுந்து, மைக்கா ஓரம் பெயர ஆரம்பிக்கும்.